பொன் தகடும் கிட்டப்பாவின் குரலும்

மழை மிகுந்த மூணாற்றில் பழைய இசைத்தட்டுகளைப் பேணுவது எளிதன்று. ஈரக்காற்றில் அட்டை உறையிலும் அரக்குத் தட்டிலும் பூஞ்சை படரும். விலையுயர்ந்த குறுந்தகடுகளைப் பற்றிக் கேள்வியுறும் தேயிலைமலை இசையன்பர், பழம்பாட்டுகளுக்கு இனி அவையே புகல் என்று எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலைக் கொண்டு ஆராய்வோம்.

1906-இல் செங்கோட்டையில் பிறந்தவர் கிட்டப்பா. மூணாற்றைப் போலவே செங்கோட்டையும் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மூணாறு கேரளத்தில் அமைந்தது. நாடக மேடையில் புகழ்பெற்ற அப்பெருங்கலைஞர் 1933-இல், 27-ஆம் வயதிலேயே மறைந்தார். இன்று அவர் குரலுக்குச் சான்றாக நிற்பவை, பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடமே பாடும் அரக்குத் தட்டுகள்.

1925-க்கு முன் பாடகர்கள் கூம்பின் வாயருகே நின்று பாடினர். அவ்வாண்டில் வந்த மின்சார ஒலிப்பதிவு பெரும் முன்னேற்றமே. எனினும், வினாடிக்குச் சுமார் 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட நுண்ணொலிகள் அக்காலத் தட்டுகளில் அரிதாகவே பதிந்தன.

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிப்பது. அது 20,000 அதிர்வுகள் வரை காக்க வல்லது. 1999-இல் வந்த சூப்பர் ஆடியோ தகடு, வேறொரு முறையில் வினாடிக்கு 28 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவைகளைக் கொண்டது. ஜப்பானில் தோன்றிய எஸ்.எச்.எம். தகட்டில் பிளாஸ்டிக்கின் தெளிவு மிகுந்தது. பொன் பூசிய தகட்டில், அலுமினியத்தைப் போல் ஈரம்பட்டுக் கெடும் உலோகம் இல்லை. ஆயினும் பின்னிரண்டிலும் பொதிந்த எண்கள் சாதாரணக் குறுந்தகட்டின் எண்களே. பொருள் மாறிற்றேயன்றிப் பாட்டு மாறவில்லை.

அரக்குத் தட்டின் வரிப்பள்ளத்தில் இல்லாத நுண்ணொலியை எவ்வகைத் தகடும் படைத்துத் தராது. பள்ளத்துக்கு ஏற்ற முள்ளைத் தேர்ந்து, பதிவான வேகத்திலேயே சுழற்றி, இரைச்சலை நீக்குகையில் குரலின் உயிரையும் நீக்கிவிடாமல் படியெடுப்பவரின் பொறுமையே இங்குப் பெரிது. படி நன்றாயின் சாதாரணத் தகடும் போதும். படி பிழையாயின் பொன்னும் பயனற்றது.

ஆதலின் பழைய பெட்டியில் ஓர் அரக்குத் தட்டு கிடைப்பின், அது கீறலுற்றது என்று எறிந்துவிடாதீர். தூசு நீக்கி, ஈரம்படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அதனினும் சிறந்த மூலம் வேறெங்கும் இல்லாதிருக்கலாம்.