கடமை என்ற சொல்

சட்டத்தின் சரித்திரத்தை நீதிபதிகளின் சரித்திரமாகவே எழுதிப் பழகிவிட்டோம். ஒரு சொல்லின் சரித்திரமாகவும் அதை எழுத முடியும். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் குற்றம் சாட்டப்பட்டு இன்னொரு மாநிலத்துக்கு ஓடிப்போனவனை, உரிய பத்திரங்களோடு கோரிக்கை வந்ததும், கைது செய்து ஒப்படைப்பது அவன் புகுந்த மாநிலத்துக் கவர்னரின் 'கடமை' என்கிறது 1793-ம் வருஷத்துச் சட்டம். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பலம் என்பது முடிவாக 194 வருஷங்கள் பிடித்தன.

சட்டம் பிறந்த கதையிலேயே ஒரு வக்கிரம் இருக்கிறது. அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க பென்ஸில்வேனியா 1780-ல் செய்த சட்டத்தின் பலனாக விடுதலை பெற்றவர் ஜான் டேவிஸ் என்ற கறுப்பர். 1788-ல் வர்ஜீனியாவைச் சேர்ந்த மூவர் அவரைப் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆள் கடத்திய மூவரையும் ஒப்படைக்கும்படி 1791-ல் பென்ஸில்வேனியா கவர்னர் மிஃப்லின் கேட்டார். வர்ஜீனியா கவர்னர் ராண்டால்ஃப் மறுத்தார். விவகாரம் ஜனாதிபதி வாஷிங்டனிடம் போயிற்று. அவர் காங்கிரஸுக்கு அனுப்பினார். 1793 பிப்ரவரியில் வந்த சட்டத்தில் நான்கு பிரிவுகள். முதல் இரண்டும் ஓடிப்போன குற்றவாளிகளைப் பற்றியவை. மற்ற இரண்டும் ஓடிப்போன அடிமைகளைப் பற்றியவை. எஜமானனே அடிமையைப் பிடிக்கலாம். ஒரு மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தி, வாய்மொழி சாட்சியத்தின் பேரிலேயே கொண்டுபோக அனுமதி பெறலாம். குறுக்கே நிற்பவனுக்கு 500 டாலர் தண்டம். கறுப்பரைக் கடத்தியவர்களைப் பிடிக்கக் கேட்ட சட்டம் கறுப்பரைப் பிடிக்கும் சட்டமாக வந்து சேர்ந்தது. டேவிஸ் திரும்பவில்லை. அந்த மூவர் மீது விசாரணையும் நடக்கவில்லை.

1859-ல் கெண்டகியில் சார்லட் என்ற அடிமைப்பெண் தப்பிக்க உதவினான் என்று வில்லிஸ் லாகோ என்ற கறுப்பு இளைஞன் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவன் சுதந்திர மனிதன், ஒஹாயோவில் இருந்தான். ஒஹாயோவின் சட்டத்தில் அது குற்றமே இல்லை என்று சொல்லி கவர்னர் டென்னிஸன் அவனை ஒப்படைக்க மறுத்தார். கெண்டகி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தலைமை நீதிபதி டானி: கறுப்பர் அமெரிக்கப் பிரஜை ஆகவே முடியாது என்று 1857-ல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் எழுதியவர். 1861 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னார். எது குற்றம் என்பதைக் கேட்கும் மாநிலமே தீர்மானிக்கும். ஒப்படைப்பது கவர்னரின் கடமை. ஆனால் அது தார்மீகக் கடமை மட்டுமே, அதைச் செய்யும்படி அவரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடையாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டிருந்த நேரம். உள்நாட்டு யுத்தம் தொடங்க ஒரு மாதம்கூட இல்லை. லாகோ தப்பினான், டானியின் கையால்.

தீர்ப்பு விட்டுவைத்த இடைவெளி யுத்தத்துக்குப் பிறகும் மூடவில்லை. ஜார்ஜியாவின் சங்கிலிக் கைதிகளின் கொடுமையை எழுதிய ராபர்ட் பர்ன்ஸ் நியூஜெர்ஸியில் பிடிபட்டபோது, 1932 டிசம்பரில், கவர்னர் மூர் அவரைத் திருப்பி அனுப்ப மறுத்தார். ஸ்காட்ஸ்பரோ வழக்கில் பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிய ஒன்பது கறுப்பு இளைஞர்களில் ஒருவரான ஹேவுட் பாட்டர்ஸன் 1948-ல் அலபாமா சிறையிலிருந்து தப்பினார்; 1950-ல் டெட்ராய்ட்டில் பிடிபட்டார். மிச்சிகன் கவர்னர் வில்லியம்ஸ் அவரை ஒப்படைக்கவில்லை. கடமை பலமற்ற சொல்லாக இருந்ததால் பிழைத்தவர்கள் இவர்கள்.

அதே இடைவெளியில் வேறு மாதிரி ஆட்களும் நுழைந்தார்கள். 1981-ல் ப்யூர்ட்டோ ரிக்கோவில் ஒரு தம்பதி மீது காரை ஏற்றி, கர்ப்பிணியான மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் ஒருவர் அயோவாவுக்கு ஓடினார். வெள்ளை அமெரிக்கருக்கு அங்கே நியாயமான விசாரணை கிடைக்காது என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. அயோவா கவர்னர் ஒப்படைக்க மறுத்தார். அடுத்து வந்த கவர்னரும் இணங்கவில்லை. 1987 ஜூனில் சுப்ரீம் கோர்ட் டானியின் தீர்ப்பை ரத்து செய்தது. கடமை இனி கட்டளை. மறுக்கும் கவர்னரைக் கோர்ட் பணிய வைக்கலாம். தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல், அந்தக் கோர்ட்டின் முதல் கறுப்பு நீதிபதி, அடிமையின் கொள்ளுப்பேரன்.

லாகோவும் பாட்டர்ஸனும் நுழைந்த கதவை மார்ஷல் சாத்தினார் என்பதில் ஒரு வேதனை இருக்கிறது. அவருக்கு வேறு வழி இருந்ததாக நான் நினைக்கவில்லை. 1957-ல் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பு மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாமல் துப்பாக்கி ஏந்திய காவற்படையை நிறுத்தியவர் ஆர்க்கன்ஸா கவர்னர் ஃபாபஸ். மறு வருஷம், மத்தியக் கோர்ட்டின் உத்தரவு மாநில அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் என்ற தீர்ப்பு வந்த வழக்கில், அந்த மாணவர்களுக்காக சுப்ரீம் கோர்ட்டில் வாதாடியவர் இதே மார்ஷல். பாட்டர்ஸனைக் காத்த வில்லியம்ஸின் சுதந்திரமும் பள்ளிக் கதவை அடைத்த ஃபாபஸின் சுதந்திரமும் ஒரே சுதந்திரம்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டும் கத்தி சட்டத்திடம் இல்லை. கவர்னர்களின் கருணையை நம்பி வாழ்வது என்னவென்று மார்ஷலின் முன்னோருக்குத் தெரியும். அந்தக் கருணையையும் சேர்த்தே அவர் வெட்ட வேண்டியிருந்தது. அடுத்த பாட்டர்ஸன் எங்கே போவான் என்ற கேள்விக்கு அவர் தீர்ப்பில் பதில் இல்லை.