பூட்டிய மாளிகைகளும் நம்மூர்ச் சுவரும்



சென்னையில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் போனில் கேட்டார். "சார், ரிப்பன் மாளிகைய ஆள் வச்சு விளக்கிச் சுத்திக் காட்டுறாங்களாம். பிள்ளைங்கள கூட்டிட்டுப் போகலாமா? அது ஆபீஸ்தானே, பார்க்க என்ன இருக்கு?" அவரிடம் சொன்னது பாதிதான். மீதியை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதல்ல.

சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் அந்த வெள்ளை மாளிகையைப் பார்த்திருப்போம். 1909 டிசம்பரில் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். 1913 நவம்பரில் ஹார்டிஞ்ச் பிரபு திறந்து வைத்தார். கட்டி முடித்தவர் லோகநாத முதலியார் என்ற நம் ஒப்பந்தக்காரர். செலவு ஏறத்தாழ ஏழரை லட்சம் ரூபாய். உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று 1882இல் தீர்மானம் கொண்டுவந்த வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அதற்குள்ளிருந்து நடக்கும் மாநகராட்சியோ 1688இல் தொடங்கியது, இந்தியாவிலேயே மிகப் பழையது. அன்று ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள்.

ஆக, அது வெறும் ஆபீஸ் இல்லை. ஆனால் வெளியே நின்று மணிக்கூண்டை மட்டும் பார்த்தால் இதில் ஒரு வரிகூடத் தெரியாது. உள்ளே அழைத்துச் சென்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இப்படிப் பூட்டிய கட்டடங்களை மக்களுக்குத் திறந்து காட்டும் வழக்கம் உலகத்தில் வளர்ந்து ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை. பிரான்சில் 1984இல், கலாசார அமைச்சராக ஜாக் லாங் இருந்தபோது, வரலாற்றுச் சின்னங்களின் கதவுகளை ஆண்டுக்கு ஒருநாள் எல்லோருக்கும் திறக்கத் தொடங்கினார்கள். பிறகு அது ஐரோப்பா முழுவதும் பரவியது. லண்டனில் 1992 முதல் 'ஓப்பன் ஹவுஸ்' நடக்கிறது. நம் நாட்டில் மும்பை மாநகராட்சி 2021 ஜனவரியில் தன் தலைமையகத்தை வார இறுதிகளில் வழிகாட்டியோடு சுற்றிக் காட்ட ஆரம்பித்தது. 1893இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் அது. விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஸ்டீவன்ஸ்தான் அதையும் வடிவமைத்தார். தினமும் லட்சக்கணக்கானோர் அதன் எதிரே ரயில் ஏறி இறங்குகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் உள்ளே போயிருப்பார்கள்?

சென்னையில் இந்த ஆர்வத்துக்கு வித்திட்டது 2004இல் தொடங்கிய மெட்ராஸ் தினக் கொண்டாட்டம். வரலாற்றாசிரியர் எஸ். முத்தையாவும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய அதன் மூலம், ஆகஸ்ட் மாதமானால் நகரமெங்கும் பாரம்பரிய நடைகள் நடக்கின்றன. உயர் நீதிமன்ற வளாகத்தையும் இப்படிச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். 1892இல் திறந்த அந்தக் கட்டடத்தின் உச்சிக் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாக இருந்தது என்று வழக்குக்காகப் போகிறவருக்கு யார் சொல்வார்கள்? அவர் கவலை அவருக்கு.

"சரி சார், உள்ளே போய்ப் பார்க்காவிட்டால்தான் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பீர்கள். குறைந்துதான் போகும். சேப்பாக்கத்தில் ஆர்க்காடு நவாப் முகமது அலி 1768இல் கட்டிய அரண்மனை இருக்கிறது. அதன் ஒரு பகுதி கலச மஹால். நவாபுகளின் காலம் முடிந்தபின் அது அரசு அலுவலகமாயிற்று. கோப்புகள் சேர்ந்தன, தடுப்புகள் எழுந்தன, அரண்மனை கண்ணிலிருந்து மறைந்தது. 2012 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கூரை இடிந்து, சுவர்கள் கரியான பிறகுதான் நம்மில் பலருக்கு அங்கே ஓர் அரண்மனை இருந்ததே தெரிந்தது. பொதுப்பணித் துறை அதை அருமையாகச் சீரமைத்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. அதுவரை மகிழ்ச்சி. ஆனால் யாரும் பார்க்காத கட்டடத்துக்காகக் குரல் கொடுக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதை அந்தத் தீ காட்டிவிட்டது.

இனி நம்மூருக்கு வருகிறேன். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது என்பதற்கு உத்திரமேரூரே சாட்சி.

வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரைத் தினமும் கடந்து போயிருக்கிறீர்கள். அதுதான் சோழர் காலத்தில் ஊர்ச் சபை கூடிய மண்டபம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், சபைக்கு ஆள் எடுக்கும் விதிகளை அதன் சுவரில் வெட்டினார்கள். அந்தச் சுவருக்குப் பூட்டு கிடையாது. ஆனால் எழுத்து மாறிவிட்டதால் பல தலைமுறைகள் அதைப் படிக்கத் தெரியாமலே கடந்து போயின. 1898இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்து, வெங்கையா போன்ற அறிஞர்கள் பொருள் சொன்ன பிறகுதான் அந்தச் சுவர் நமக்குத் திறந்தது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்துகள் பற்றிப் பேச்சு வந்தபோது டி. பிரகாசம் நம்மூர்க் கல்வெட்டை எடுத்துச் சொன்னார். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவிலும் அதன் பெயர் ஒலித்தது.

பாடத்தில் படித்ததை நினைவுபடுத்துகிறேன். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அந்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாது அல்லவா! தேர்வானவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய தகப்பன், மகன், மாமனார், மருமகன், மைத்துனன் வரை யாரும் நிற்க முடியாது.

பெருமைப்படுவோம், அதோடு உண்மையையும் மறக்காமல் சொல்லுவோம். அந்தக் குடத்தில் எல்லோருடைய ஓலையும் விழவில்லை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலத்தில் இறங்கி உழுதவர்களின் பெயர் ஓலையில் இல்லை. பெண்கள் பெயரும் இல்லை. என் வகுப்பில் உட்கார்ந்திருந்த உங்களில் பெரும்பாலோரின் முன்னோர்கள் அந்த மண்டபத்துக்கு வெளியேதான் நின்றிருப்பார்கள்.

ரிப்பன் மாளிகையின் மாமன்றக் கூடத்தை நீங்கள் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயரானார், அப்பதவிக்கு வந்த முதல் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் அவர். 1957இல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார். 2022இல் 28 வயதான ஆர். பிரியா அந்த நாற்காலிக்கு வந்தார், தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த முதல் பெண் மேயர். நம்மூர்ச் சுவரில் விடுபட்டவர்கள் அந்தக் கூடத்துக்குள் வந்து சேர ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. இதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புத்தகத்தில் நடத்துவதைவிட அந்தக் கூடத்தில் நிற்க வைத்துச் சொல்வது மேல்.

எனவே, சென்னையில் இருப்பவர்கள் நடை எப்போது, எப்படி முன்பதிவு என்பதை மாநகராட்சியின் இணையதளத்தில் பார்த்துப் பிள்ளைகளோடு போய் வாருங்கள். செல்ஃபி எடுப்பதோடு திரும்பிவிடாதீர்கள். வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இங்கே யார் உட்கார முடியும்? அவர்கள் யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும்? முதலில் இந்தச் சுவரைப் பார்த்துவிட்டு அங்கே போனால் இன்னும் நல்லது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது சொல்லுங்கள், நானே உடன் வருகிறேன். முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் வாய்க்கு ஓய்வு கொடுத்துப் பழக்கமில்லை.

சுற்று வட்டாரக் கிராமங்களில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. நிலமும் கேட்க மாட்டார்கள், வேதமும் கேட்க மாட்டார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அங்கே வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து நின்று ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்,
உத்திரமேரூர்