பழவேற்காட்டு வெடிமருந்து

ஆயுதக் களைவுக்காகப் பணியாற்றும் ஓர் அமைப்பில் கோடை விடுமுறைப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த கல்லூரி மாணவி ஒருவர், எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு குறை சொன்னார். அவருக்குப் படிக்கத் தந்த கோப்புகளிலெல்லாம் ஹிரோஷிமா, ஜெனீவா என்றே இருந்தனவாம். நம் கரைக்கும் இந்தப் பேச்சுக்கும் என்ன தொடர்பு என்பது அவர் வினா. விடையாக அவரை லைட்ஹவுஸ் குப்பத்துக்கு அழைத்துச் சென்றோம்.

வங்கக்கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்த மீனவர் ஊர் அது. 1859இல் இங்கே முதன்முதலாக எழுந்த கலங்கரை விளக்கமே பெயருக்குக் காரணம். ஏரிக்கு அப்பால், பழவேற்காட்டில், ஒல்லாந்தர் 1613இல் கட்டி முடித்த கெல்டிரியா கோட்டை இருந்தது. துணி வாங்க வந்தவர்கள் எழுப்பிய கோட்டை என்றே நம்மில் பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறோம். அது பாதி உண்மைதான்.

கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கச் சோழமண்டலத் துணி வேண்டியிருந்தது. ஆயின், அத்தீவுகளைப் பிடிக்கவும் பிடித்ததைக் காக்கவும் பீரங்கி வேண்டும். பீரங்கிக்கு மருந்து வேண்டும். வெடிமருந்தில் ஏறத்தாழ முக்காற்பங்கு வெடியுப்பு. எஞ்சியது கரியும் கந்தகமும். ஐரோப்பாவில் போதிய அளவு கிட்டாத வெடியுப்பு நம் நாட்டில் தாராளம். மாட்டுச் சாணமும் சிறுநீரும் ஊறிய பழைய ஊர்மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சினால் படிகமாகப் படியும் எளிய பொருள் அது. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் வெடிமருந்துத் தொழிற்கூடமே நடந்தது. அங்கு ஆன மருந்து, இன்று ஜகார்த்தா எனப்படும் படேவியாவுக்கும் பிற ஒல்லாந்தர் நிலைகளுக்கும் கப்பலேறியது. வாங்கிய கம்பெனி எத்தகையது? 1621இல் சாதிக்காய்க்காகப் பண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் நாடுகடத்தியும் அத்தீவுகளை ஏறக்குறைய வெறுமையாக்கிய அதே கம்பெனி. (நம் கரையிலிருந்து அடிமைகளாக மனிதர்களை ஏற்றிச் சென்றதும் அதுவே; அது தனிக் கட்டுரைக்குரியது.)

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியதும் பழவேற்காடு மங்கத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்தனர்.

"அப்படியானால் அதுவும் ஆயுதக் களைவுதானே?" என்று கேட்டார் மாணவி.

நாங்கள் உடன்படவில்லை. பகைவன் திரும்பி வந்தால் ஒண்ட இடம் இருக்கக்கூடாது என்று இடித்தது அது. அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, கல்கத்தாவை அடுத்த இச்சாப்பூரில் ஆங்கிலேயரின் சொந்த வெடிமருந்து ஆலை இயங்கத் தொடங்கிவிட்டது. பின்னர் நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் வந்தது, இன்றும் நடக்கிறது. மாணவி சிறிது நேரம் பேசவில்லை. அவர் குறிப்பேட்டில் அருவங்காடு என்ற பெயர் அடிக்கோடிடப்பட்டிருந்ததைத் திரும்பும் வழியில் கண்டோம்.

பழவேற்காடு செல்லும் நண்பர்கள் பெரும்பாலும் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தையும் அதன் வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளையும் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோட்டை இருந்த மேடு அருகில்தான், முட்புதர் மண்டிக் கிடக்கிறது. ஒருமுறை அங்கேயும் போய் நின்றுவிட்டு வாருங்கள்.