கவுன்டிங் அண்ட் கிராக்கிங்

இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறைகளைச் சொல்லும் மேடை நாடகம். ஆங்கிலத்தில் அமைந்தது, தமிழும் சிங்களமும் ஊடே வரும். எழுதியவர் சிட்னியில் வளர்ந்த எஸ். சக்திதரன், இயக்கியவர் ஈமன் ஃபிளாக். பெல்வோர் நாடகக் குழுவும் கோ-கியூரியஸ் அமைப்பும் சேர்ந்து தயாரித்தன. 2019 ஜனவரியில், சிட்னி விழாவையொட்டி, அந்நகர மண்டபத்தில் அரங்கேறியது.

புலம்பெயர்ந்த தெற்காசியக் குடும்பத்தை மேடைக்குக் கொண்டுவருவது பிரிட்டனில் முன்பே வேரூன்றிய மரபு. அயூப் கான் தின் எழுதிய 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' 1996இல் பர்மிங்ஹாமில் மேடையேறியது. சால்ஃபோர்டில் மீன் வறுவல் கடை நடத்தும் பாகிஸ்தானியத் தந்தை, ஆங்கிலேயத் தாய், சொல்பேச்சு கேளாத பிள்ளைகள் என்று அதன் பூசல் முழுதும் வந்து சேர்ந்த வீட்டுக்குள்ளேயே நடக்கும். சக்திதரனின் நாடகம் விட்டுவந்த நாட்டுக்கும் திரும்பிப் போகிறது.

கதை 2004இல் தொடங்குகிறது. மேற்கு சிட்னியின் பெண்டில் ஹில்லில் வாழும் ராதா, தன் தாயின் அஸ்தியை மகன் சித்தார்த்தனோடு ஜார்ஜஸ் ஆற்றில் கரைக்கிறார். இலங்கையோடு இருந்த கடைசித் தொடர்பும் விட்டது என்று நினைக்கையில் கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. தமிழருக்கு எதிரான 1983 கலவரத்தில் இறந்துவிட்டதாக நம்பிய கணவர் திரு உயிரோடிருக்கிறார். அப்போது கர்ப்பிணியாகத் தப்பி வந்தவர் ராதா. மகன் தகப்பனைக் கண்டதே இல்லை. அங்கிருந்து காட்சிகள் 1950களின் கொழும்பு வீட்டுக்கும் சிட்னிக்கும் மாறிமாறிப் போகின்றன.

கொழும்பு வீட்டின் தலைவர் ராதாவின் தாத்தா. கணிதம் படித்த அரசியல்வாதி. வாக்கெடுப்பில் தலைகளை எண்ணும் ஜனநாயகம் எல்லை கடந்தால் தலைகளை உடைக்கும் என்ற அவரது கருத்தே தலைப்பானது. இப்பாத்திரத்துக்கு மூலம் சக்திதரனின் கொள்ளுத்தாத்தா சி. சுந்தரலிங்கம் (1895–1985). ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, கொழும்பில் கணிதப் பேராசிரியராக இருந்து, வவுனியா உறுப்பினராகி, சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தகத் துறையை வகித்தவர். மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தையொட்டிப் பதவியைத் துறந்தார்.

புதுக்கோட்டை வாசகர் கவனிக்க வேண்டிய இடம் இது. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்பிடித்த நாட்களில் புதுக்கோட்டை சமஸ்தானத்திலிருந்தும் திருச்சி, சேலம், ராமநாதபுரம் சீமைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனவர்களின் வழிவந்தோரையே அச்சட்டம் பாதித்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாயிற்று. 1983க்குப் பின் படகேறி வந்தவர்களுக்கு இம்மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. விமானமேறி சிட்னி சேர்ந்த ராதாவுக்கு மூன்றரை மணி நேர நாடகம் கிடைத்திருக்கிறது. ராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்கும் இதே அளவில் ஒரு நாடகம் எழுதத்தக்கது. கொழும்பு மேல்தட்டுக் குடும்பத்தின் கண்வழியே வரலாற்றைப் பார்ப்பது இந்நாடகத்தின் பலமும் எல்லையும். (சிட்னியும் புதுக்கோட்டைக்கு அந்நியமல்ல: புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மணந்த மோலி ஃபிங்க் ஆஸ்திரேலியப் பெண். அவர்களின் மகனுக்குப் பட்டத்துரிமை தர பிரிட்டிஷ் அரசு மறுத்துவிட்டது. அதுவும் ஒரு நாடகத்துக்குக் காணும்.)

பதினாறு நடிகர்கள் ஏறக்குறைய ஐம்பது பாத்திரங்களை ஏற்றனர். ஒருவர் தமிழிலோ சிங்களத்திலோ பேச, பக்கத்தில் நிற்கும் இன்னொரு நடிகர் அதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்வார். எழுத்துத் திரை கிடையாது. மேடையோரம் இசைக்கலைஞர்கள் அமர்ந்து வாசித்தனர். நகர மண்டபத்தின் உட்புறமே இலங்கை ஊர் மண்டபம்போல மாற்றப்பட்டது. பார்க்க வந்தவர்களுக்கு இலங்கைச் சாப்பாடும் கிடைத்தது. பண்பாட்டு ஆலோசனையும் உடையலங்கார ஆலோசனையும் சக்திதரனின் தாயார் ஆனந்தவல்லியுடையவை. சிட்னியில் லிங்காலயம் நடனக் குழுவை நிறுவிய பரதக் கலைஞர் அவர்.

திரு வேடத்தை ஏற்றவர் அந்தோணிதாசன் யேசுதாசன். தமிழ் வாசகருக்கு 'கொரில்லா' நாவலின் ஷோபாசக்தியாகவும், 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்ற 'தீபன்' படத்தின் நாயகனாகவும் தெரிந்தவர். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, பின் விலகி, பிரான்சில் அகதியானவர், காணாமற்போன கணவனாக மேடையில் நிற்கிறார். நாடகத்தின் மிகச் சரியான நடிகர் தேர்வு இதுவே. தாத்தாவாக பெங்களூரின் பிரகாஷ் பெலவாடி நடித்தார்.

2019இல் ஆஸ்திரேலியாவின் ஹெல்ப்மன் விருதுகளில் ஏழு இதற்குக் கிடைத்தன. 2020இல் விக்டோரிய இலக்கியப் பரிசைச் சக்திதரன் பெற்றார். அவர் எழுதிய முதல் நாடகம் இது. 2022 ஆகஸ்டில் எடின்பரோ சர்வதேச விழாவிலும், 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' பிறந்த அதே பர்மிங்ஹாமிலும் நிகழ்ந்தது. 2024இல் மெல்பர்ன், சிட்னி, நியூயார்க் ஆகிய நகரங்களில் மீண்டும் மேடையேறியது. இடையே 2022இல் சக்திதரனும் ஃபிளாக்கும் இணைந்து 'தி ஜங்கிள் அண்ட் தி சீ' என்ற நாடகத்தை உருவாக்கினர். மகாபாரதத்தையும் கிரேக்க ஆன்டிகனியையும் துணைக்கொண்டு, போர்க்காலத்தில் சிதறுண்ட ஒரு குடும்பத்தின் கதையை அது சொல்கிறது.