ஈயக்குட்டைக்குள் போன பொந்தியானாக்

மலேசியாவின் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் சாலையோரம், கல்லுடைப்பில் பாதி கரைந்த சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கின்றன. குன்றுகளுக்குக் கீழே கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க, ஈயம் தோண்டி எடுத்தபின் நீர் நிறைந்துபோன குட்டைகள். மலாய்த் திரையுலகை உலுக்கிய 'பொந்தியானாக்' என்ற பேய்ப்படத்தின் சுருள்கள் இந்நாட்டின் ஏதோ ஓர் ஈயக்குட்டையில் வீசப்பட்டதாகத் திரைவரலாற்றில் சொல்கிறார்கள். படச்சுருள் போனது. அந்தப் பேய் மட்டும் போகவில்லை.

படத்தைவிடப் பொந்தியானாக் என்ற அந்தப் பெண்பேய்க்கு வயது மிக அதிகம். வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட மலாய் மாந்திரிக நூலிலேயே அவள் குலத்தைப் பற்றிய செய்திகள் இருக்கின்றன. பிரசவத்தில் இறந்த பெண் பேயாகி வராமலிருக்க, பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகளையும் அக்குளில் கோழி முட்டையையும் உள்ளங்கையில் ஊசிகளையும் வைப்பார்களாம். அப்படியும் அவள் வந்துவிட்டால், நகத்தையும் நீண்ட கூந்தலையும் வெட்டிப் பிடரியிலுள்ள துளையில் அடைக்க வேண்டும். அடைத்தால் சாதாரணப் பெண்ணாக மாறி வீட்டில் குடியிருப்பாள். பிடரியில் ஆணி அறைந்தால் அடங்குவாள் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த வடிவம்.

ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த தமிழர்களுக்கு இது அந்நியமான பயமாக இருந்திருக்க முடியாது. பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பும் வேப்பிலையும் வைக்கும் வழக்கத்தோடு கப்பலேறியவர்கள் அவர்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குப் போகும் பால்வெட்டுப் பெண்ணுக்கு, கெம்போஜாப் பூ திடீரென மணத்தால் அவள் வந்திருக்கிறாள், வாய் திறக்காதே, திரும்பிப் பார்க்காதே என்று மூத்தவர்கள் சொல்லி அனுப்புவார்கள். மலாய்க் கிராமமான கம்பத்தின் பேய், தோட்டத் தொழிலாளர் லயத்துக்குள் வர மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை.

உலகின் மறுகோடியில் 1897இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' லண்டனில் வெளிவந்தது. 1931இல் பேலா லுகோசி நடித்த படம், இரத்தம் குடிக்கும் உருவத்தைத் திரையில் எப்படிக் காட்டலாம் என்று உலகத்துக்கே வழிகாட்டியது. அந்தத் திரைமொழியும் மலாய்க் கம்பத்தின் பயமும் சிங்கப்பூரில் சந்தித்தன. சந்திக்க வைத்தவர் பி. என். ராவ்.

ராவ் தமிழ்ப் படங்களை இயக்கிவிட்டு வந்தவர். 'ரம்பையின் காதல்' (1939), 'மதனகாமராஜன்' (1941), 'சாலிவாகனன்' (1945) ஆகியவை அவர் படங்கள். சாலிவாகனனில் விக்கிரமாதித்தனாக நடித்தவர் எம்.ஜி.ஆர். வேதாளத்தைத் தோளில் சுமந்த அரசனைத் திரையில் நிறுத்திய இயக்குநர், சிங்கப்பூரின் கேத்தே-கிரிஸ் நிறுவனத்தில் சேர்ந்தபின் பொந்தியானாக்கை எடுத்தார். 1957 ஏப்ரலில் படம் வெளிவந்தது. அப்போது மலாயா சுதந்திரத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. கிறிஸ்டோபர் லீ டிராகுலாவாக வந்து பெயர் வாங்கியதே அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

மரியா மெனாடோ நடித்த நாயகி சோமெல் ஒரு கூன்விழுந்த பெண். அவளை வளர்த்த கிழவர் சாகும்போது தம் மந்திர ஏடுகளை எரித்துவிடச் சொல்கிறார். அவள் எரிக்காமல் அவற்றைப் படிக்கிறாள், மருந்து காய்ச்சிக் குடித்து அழகியாகிறாள். இனி இரத்தத்தைச் சுவைக்கவே கூடாது என்பது நிபந்தனை. திருமணமாகிக் குழந்தையும் பிறக்கிறது. ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்ட, அவன் கெஞ்சக் கெஞ்ச மறுத்தவள் கடைசியில் விஷத்தை உறிஞ்சுகிறாள். நாக்கில் இரத்தம் பட்டுவிடுகிறது. புருஷனைப் பிழைக்க வைக்க வாய் வைத்தவள் அந்த வாயாலேயே பேயாகிறாள். டிராகுலா கதையில் இப்படி ஒரு கொடுமை கிடையாது.

கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', 1958இல் 'சும்பா பொந்தியானாக்' என்று ராவே தொடர்ந்தார். போட்டி நிறுவனமான ஷாவும் தன் பங்குக்கு ஒரு பொந்தியானாக்கை இறக்கியது. ராவின் முதல் இரண்டு பொந்தியானாக் படங்களும் இன்று இல்லை. சுருள்களைக் குட்டையில் வீசியதாகச் சொல்லப்படுபவர் கேத்தே-கிரிஸின் பங்குதாரர் ஹோ ஆ லோக். 1920களில் ஈப்போவில் திரையரங்குத் தொழிலில் இறங்கிய மனிதர் அவர். மூன்றாம் படம் மட்டும் தப்பியதால், மரியா மெனாடோவின் பேய் முகத்தை இன்றும் பார்க்க முடிகிறது.

பின்னர் மலேசியத் தணிக்கை பேய்ப்படங்களைப் பல ஆண்டுகள் அடக்கி வைத்திருந்தது. 2004இல் ஷுஹாய்மி பாபா என்ற பெண் இயக்குநர் 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' படத்தில் அவளை மீட்டார். 2019இல் கிளென் கோயியும் கேவின் யாப்பும் மறுபடி அழைத்து வந்தார்கள்.

இத்தனை முறை அவள் திரும்பி வரக் காரணம் பல்லோ நகமோ அல்ல. டிராகுலா தூரதேசத்துக் கோட்டையிலிருந்து வரும் பிரபு. பொந்தியானாக் நம் வீட்டிலிருந்து போனவள், பிள்ளையைக் கையில் வாங்காமலே செத்தவள். கர்ப்பிணியாக இறந்த பெண்ணுக்காகத் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இறக்கி வைக்காமல் போன பாரத்தை ஊரார் இறக்கி வைக்கட்டும் என்பது அந்தக் கல்லின் பொருள். மலாய்க்காரர்கள் அதே துக்கத்துக்குக் கதை கட்டினார்கள். அந்தக் கதையைத் திரைக்குக் கொண்டுவந்ததில் தமிழ்ப்படம் எடுத்துப் பழகிய ஒரு கைக்குப் பெரும்பங்கு உண்டு. நம் திரைவரலாற்றில் பி. என். ராவின் கதை 1945ஓடு நின்றுவிடக் கூடாது; 1957இலும் அவர் பெயரை எழுத வேண்டும்.