வானம் காத்திருக்காது: ஒரு தொலைநோக்கியின் மென்பொருள் வரலாறு

எங்கள் கலசப்பாக்கத்தில் மொட்டை மாடி ஏறினால் பருவதமலை தெரியும். ஜவ்வாது மலையில் காவலூர் இருப்பதால், தொலைநோக்கி என்றாலே எங்களுக்குக் காவலூர்தான். ஆனால் இன்றைக்கு எழுதப்போவது ரேடியோ தொலைநோக்கியைப் பற்றி. அதிலும், பின்னால் ஓடும் நிரலைப் பற்றி.

காரணம் என் பிராஜெக்ட். மைக்குகளை வைத்து சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 4 மைக் வரை ஒழுங்காக ஓடிய நிரல், 8 ஆனதும் திணறி, பாதி ஒலியைத் தவறவிட்டது. புது கம்ப்யூட்டர் வாங்காமல் நடக்காது என்று நண்பன் தீர்ப்பே சொல்லிவிட்டான். அப்போது தேடப்போய்க் கிடைத்த கதை இது.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970ல் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைக் கட்டி முடித்தார்கள். அந்த மலைச்சரிவின் சாய்வு 11 டிகிரி, அட்சரேகையும் 11 டிகிரி. அதனால் ஒரே அச்சில் திருப்பினாலே போதும். (டூர் போனவர்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்?) அடுத்து அவர் தலைமையில் புனே அருகே கோடாட்டில் ஜி.எம்.ஆர்.டி. எழுந்தது. 45 மீட்டர் விட்டத்தில் 30 கிண்ணங்கள், சுமார் 25 கி.மீ. பரப்பில்.

ஒவ்வொரு கிண்ணத்தின் சிக்னலையும் மற்ற எல்லாவற்றோடும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 30 கிண்ணம் என்றால் 435 ஜோடி. முதலில் இதற்கென்றே செய்த மின்சுற்றுகள்தான் இந்த வேலையைச் செய்தன. வேகம் உண்டு, ஆனால் புதிதாக ஒன்று வேண்டுமென்றால் சுற்றையே மாற்ற வேண்டும்.

ஜெயந்தா ராய், யஷ்வந்த் குப்தா முதலானோர் இதைச் சாதாரணக் கடைக் கணினிகளுக்கு மாற்றினார்கள். 2010ல் கட்டுரை வந்தது. லினக்ஸ் ஓடும் 48 கணினிகள், 32 ஆண்டெனா, ஒவ்வொன்றிலும் இரண்டு துருவமுனைப்பு, 33 மெகாஹெர்ட்ஸ் அகலம். நைக்விஸ்ட் விதிப்படி கணக்குப் போட்டால் நொடிக்கு சுமார் 422 கோடி மாதிரிகள்! கணக்கு பின்தங்கினால் தகவல் போனது போனதுதான். வானம் காத்திருக்காது.

எப்படிச் சமாளித்தார்கள்? பல திரிகளாகப் பிரித்த நிரல், ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் வெக்டர் முறை, எல்லாவற்றுக்கும் மேலாக கேஷ் நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தியது. ஆரணிப் பக்கம் தறிக்கு அருகிலேயே ஊடைத் தாரைச் சுற்றி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தாருக்கும் கடைக்கு ஓடினால் புடவை என்றைக்கு முடியும்? கேஷும் அப்படித்தான். தரவைச் சிறு துண்டாக அருகில் வைத்துக்கொண்டு, அதை வைத்துச் செய்ய வேண்டியதை எல்லாம் முடித்துவிட்டுத்தான் அடுத்த துண்டு.

பிறகு ஜி.எம்.ஆர்.டி.யை மேம்படுத்தியபோது அகலம் 400 மெகாஹெர்ட்ஸ் ஆனது, 12 மடங்கு. அதற்கு எஃப்.பி.ஜி.ஏ.வும், கேம் விளையாடுகிறவர்களுக்குப் பழக்கமான ஜி.பி.யு.வும் வந்தன.

எனக்கு உறைத்தது வேறொன்று. அங்கே ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் ஃபூரியர் மாற்றம் ஒரே முறைதான், ஜோடிப் பெருக்கல் அதற்கப்புறம். நானோ ஒவ்வொரு ஜோடிக்கும் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன். 8 மைக்குக்கு 28 ஜோடி, 56 மாற்றம். தேவை வெறும் 8!

திருத்திய நிரல் அதே பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிறது. நண்பன் பக்கத்தில் பாட்டு டவுன்லோடு போட்டால் மட்டும் இன்னும் கொஞ்சம் திக்குகிறது.