மீண்டவரே காப்பாளர்: போதை மறுவாழ்வு இல்லப் பணியாளர் பயிற்சியின் வரலாறு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1954ஆம் ஆண்டு தன் அரசுப் பணிப் பட்டியலில் ஒரு புதிய பணியிடத்தைச் சேர்த்தது: குடிநோய் ஆலோசகர். வில்மர் அரசு மருத்துவமனையில் அந்தப் பணிக்குக் குடியை விட்டு மீண்டவர்கள் அமர்த்தப்பட்டார்கள். அதுவரை ஒருவரின் வேலைக்கே உலை வைத்த குடிப்பழக்கத்தின் அனுபவம், அன்றுமுதல் ஒரு வேலைக்கான தகுதியாக அரசாங்கத்தால் ஏற்கப்பட்டது. போதை மறுவாழ்வு இல்லங்களுக்குப் பணியாளரைப் பழக்கும் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதே சரி என்று கருதுகிறேன். அந்த அனுபவம் எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதைக் கண்டறியவே பின்வந்த எழுபது ஆண்டுகளும் செலவாகியிருக்கின்றன.

வில்மர் 1912இல் குடிநோயாளிகளுக்கென்றே திறக்கப்பட்ட மருத்துவமனை. பிறகு மனநோயாளிகளும் அங்கே சேர்க்கப்பட்டனர். 1950இல் பொறுப்பேற்ற மருத்துவர் நெல்சன் பிராட்லியும் உளவியலாளர் டேனியல் ஆண்டர்சனும் பூட்டிக் கிடந்த குடிநோய் வார்டுகளின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். மருத்துவர், உளவியலாளர், மதகுரு ஆகியோரின் வரிசையில் குடியிலிருந்து மீண்டவரையும் சேர்த்து ஒரே குழுவாக்கினார்கள். படித்தவர்கள் சொல்வதை நம்பாத நோயாளி, தன்னைப் போலவே கை நடுங்கி எழுந்த ஒருவர் சொல்வதை நம்பினார். இந்த நம்பிக்கைதான் முறையின் அடித்தளம். அன்றைக்குப் பயிற்சி என்பது பெரும்பாலும் குழுவோடு இருந்து பார்த்துக் கற்பதுதான்.

அதே மாநிலத்தில் சென்டர் சிட்டி என்ற சிற்றூரின் பண்ணை வீட்டில் 1949இல் தொடங்கப்பட்ட ஹேசல்டனில் விதிகள் மிகச் சில: படுக்கையை மடித்து வை, பொறுப்போடு நடந்துகொள், உரைகளைக் கேள், மற்றவர்களோடு பேசு. இதற்குப் பெரிய பணியாளர் படை தேவைப்படவில்லை. ஆனால் சிகிச்சை முடிந்தவர்கள் ஊருக்குள் தங்கி வேலைக்குப் போய்வர 1953இல் செயின்ட் பால் நகரில் ஃபெலோஷிப் கிளப் என்ற இடைநிலை இல்லம் திறக்கப்பட்டபோது பணியின் தன்மை மாறியது. காலையில் வெளியே போகிறவர் மாலையில் எப்படித் திரும்புகிறார், சம்பள நாளில் என்ன ஆகிறார், குடித்துவிட்டு வந்தவரை வீட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்பவையெல்லாம் மருத்துவமனைக்குத் தெரியாத கேள்விகள். 1961இல் ஆண்டர்சன் ஹேசல்டனின் பொறுப்பை ஏற்றார். 1960களின் நடுப்பகுதியில் ஆலோசகர்களுக்கான முறையான பயிற்சி அங்கே உருவானது. நோயாளியோடு பேசியதை மேற்பார்வையாளரிடம் கொண்டுவந்து வைத்து, தாம் ஏன் அப்படிப் பேசினோம் என்று ஆராயும் வழக்கம் மதகுருக்களின் மருத்துவமனைப் பயிற்சியில் ஏற்கெனவே இருந்தது; குடிநோய் ஆலோசகர்களின் பயிற்சியிலும் அது கலந்தது.

மேற்பார்வை ஏன் தேவை என்பதைக் கலிஃபோர்னியாவின் சினனான் காட்டியது. சார்லஸ் டெடெரிக் 1958இல் சாண்டா மோனிகாவில் தொடங்கிய இந்தக் குடியிருப்பில் மருத்துவர்களுக்கு இடமில்லை. ஹெராயினை விட்டவர்களே ஹெராயினை விடவந்தவர்களை நடத்தினார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கடுஞ்சொல்லால் தாக்கும் ‘விளையாட்டு’தான் சிகிச்சை. போதையடிமைகள் திருந்தவே மாட்டார்கள் என்று மருத்துவ உலகம் கைவிரித்திருந்த காலத்தில் அங்கே பலர் உண்மையாகவே மீண்டார்கள். இதை மறைப்பது நியாயமல்ல. ஆனால் தலைமையைக் கேள்வி கேட்க வெளியாள் எவரும் இல்லை. 1960களின் இறுதியில், குணமடைந்து வெளியேறுவது என்ற எண்ணமே அங்கே கைவிடப்பட்டது. 1970களின் நடுவில் சினனான் தன்னை ஒரு மதமாக அறிவித்துக்கொண்டது. 1978இல் அதற்கு எதிராக வாதாடிய வழக்கறிஞர் பால் மொராண்ட்ஸின் அஞ்சல் பெட்டியில் கிலுகிலுப்பை விரியன் என்ற விஷப்பாம்பு வைக்கப்பட்டது. அவர் கடிபட்டு உயிர் பிழைத்தார். நலிந்த நிலையில் வருகிறவர்மேல் இல்லத்துப் பணியாளருக்கு இருக்கும் அதிகாரம் மிகப் பெரியது. அந்த அதிகாரத்துக்கு எல்லை கட்டுவதே பயிற்சியின் முதல் வேலை என்பது என் முடிவு. ஆலோசனைத் திறன் அதற்கு அடுத்துத்தான்.

அந்த எல்லைகள் சட்டமாகவும் சான்றிதழாகவும் வடிவெடுத்தன. தானும் குடியிலிருந்து மீண்டவரான செனட்டர் ஹெரால்ட் ஹியூஸ் முன்னின்று கொண்டுவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சைக்குக் கூட்டாட்சி அரசின் நிதியைத் திறந்துவிட்டது. நோயாளியின் பதிவேடுகளைக் காக்கும் கடுமையான ரகசிய விதிகள் 1975இல் நடைமுறைக்கு வந்தன. பின்னர் ஆலோசகரின் வேலையைச் சான்றளிப்பு அமைப்புகள் பன்னிரண்டு பணிகளாக வகுத்தன. நெருக்கடியில் தலையிடுவது, பதிவேடு எழுதுவது, தன்னால் முடியாதவரை வேறிடத்துக்கு அனுப்புவது எல்லாம் அவற்றில் அடங்கும்.

பணியாளரே வேண்டாம் என்ற எதிர்க்குரலும் அதே 1975இல்தான் எழுந்தது. மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் மூடப்பட இருந்த ஓர் இடைநிலை இல்லத்தை அங்கே தங்கியிருந்த பால் மொல்லாயும் தோழர்களும் தாங்களே வாடகைக்கு எடுத்து, ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்று பெயரிட்டார்கள். வாக்கெடுத்து முடிவு செய், செலவைப் பகிர்ந்துகொள், மீண்டும் போதையைத் தொட்டவர் வெளியேறட்டும். இந்த முறை வெறும் ஆசையல்ல. லெனர்ட் ஜேசன் குழுவினர் 150 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் போதைப் பயன்பாடு இந்த இல்லங்களுக்கு அனுப்பப்பட்டோரில் 31.3 விழுக்காடு, வழக்கமான பின்கவனிப்புக்கு அனுப்பப்பட்டோரில் 64.8 விழுக்காடு. ஆனாலும் புதிய வீடு திறக்கும்போது கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் பழையவர்கள் வந்து கற்றுத்தருகிறார்கள். காப்பாளர் இல்லையே தவிர, பழக்குதல் இருக்கிறது.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருள்களால் மரணங்கள் பெருகிய பிறகு பாடத்திட்டம் மீண்டும் மாறியது. சில வாரங்கள் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. மறுபடி எடுத்த முதல் நாளே உயிர் போகலாம். எனவே மூச்சு மங்குவதைக் கண்டறிவதும் அதை முறிக்கும் நலாக்சோன் மருந்தை மூக்கில் செலுத்துவதும் இன்று இல்லக் காப்பாளரின் அடிப்படைப் பயிற்சி. மெதடோன், புப்ரினார்ஃபின் ஆகிய சிகிச்சை மருந்துகளை எடுப்பவரை ‘இன்னும் போதையில்தான் இருக்கிறார்’ என்று விலக்கும் பழைய மனப்பான்மையையும் பயிற்சியில் களைய வேண்டியிருக்கிறது. சொந்த அனுபவம் இங்கே சில வேளை தடையாகவே நிற்கிறது; தான் மருந்தின்றி மீண்டவர், மருந்தால் மீள்பவரை எளிதில் ஏற்பதில்லை.

மின்னசோட்டாவின் மரபு சென்னைக்கும் நேராகவே வந்தது. கணவரைக் குடிநோயில் இழந்த சாந்தி ரங்கநாதன் அங்கே சென்று பயிற்சி பெற்று, 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். அதன் டி.டி.கே. மருத்துவமனையில் சிகிச்சையோடு குடும்பத்தாருக்கும் தனி வகுப்புகள் அமைந்தன; இந்தியச் சூழலுக்கு இது தவிர்க்க முடியாத மாற்றம். 1989 முதல் மஞ்சக்குடியில் நடந்த கிராம முகாம்கள், உள்ளூர்க்காரர்களையே உதவிக்குச் சேர்த்துக்கொண்டன. நடுவணரசின் உதவித் திட்டம் 1980களின் நடுவில் வந்தபின் மறுவாழ்வு மையங்கள் பெருகின. பணியாளர்களைப் பழக்கும் மண்டலப் பயிற்சி மையங்கள் பின்னர் வந்தன; தென்னகத்துக்கான பொறுப்பு இந்த அறக்கட்டளைக்குக் கிடைத்தது. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட கொழும்புத் திட்ட அமைப்பும் ஆசிய நாடுகளின் ஆலோசகர்களுக்குப் பொதுப் பாடத்திட்டமும் சான்றளிப்பும் உருவாக்கியிருக்கிறது.

இவ்வளவு பயிற்சியும் பெரும்பாலும் ஆலோசகரோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் கவலை. தமிழ்நாட்டின் தனியார் மையங்கள் சிலவற்றில் தங்கியிருந்தவர்கள் அடிக்கப்பட்டதாகப் புகார்களும் கைதுகளும் செய்தியாகியிருக்கின்றன. குடியை நிறுத்திய முதல் சில நாள்களில் வரும் வலிப்பும் மனக்குழப்பமும் வேளை பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் ஒருவர் இல்லாத உருவங்களைக் கண்டு அலறும்போது ஆலோசகர் வீட்டில் இருப்பார். வார்டு பாயோ காவலாளியோதான் அருகில் நிற்பார். அது நோயின் அறிகுறி, அடங்காமை அல்ல, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தரப்பட்டிருக்க வேண்டும். பணியில் சேரும் முதல் வாரத்திலேயே, ஆலோசகருக்கும் முன்னால் அவருக்கு.